அதிகம் வென்றவருக்கு ஸ்லாலம் கிண்ணம் ஏன் கிடைக்கவில்லை?

கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த 18 வளைவுப் பாதை நன்றாகத் தெரியும். ஒரு வளைவில் சாய்ந்த உடம்பு நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பெண்கள் ஸ்லாலம் பனிச்சறுக்கும் அப்படித்தான். ஆனால் அங்கே ஐம்பது, அறுபது வளைவுகள். நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். தரை இறுகிய பனிக்கட்டி.

சரிவில் சிவப்பும் நீலமுமாகக் கம்பங்களை மாற்றி மாற்றி நட்டிருப்பார்கள். வீராங்கனை கம்பத்துக்கு விலகிப் போவதில்லை. உடம்பைச் சரித்து, கைக் காப்பாலும் கால் காப்பாலும் அதை அடித்துத் தள்ளிக்கொண்டே இறங்குகிறார். அடியில் மூட்டு இருப்பதால் கம்பம் மடிந்து மறுபடி எழும்பும். கம்பத்தில் இடிப்பது குற்றமில்லை. ஆனால் இரண்டு கால்களும் இரண்டு பலகைகளின் நுனிகளும் சரியான பக்கத்தால் போயிருக்க வேண்டும். ஒரு நுனி மறுபக்கம் போய்விட்டால், அத்தோடு அன்றைய போட்டி அவருக்கு முடிந்தது.

ஒரு போட்டிக்கு இரண்டு ஓட்டங்கள். இரண்டு நேரங்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். உலகக் கிண்ணப் போட்டிகளில், முதல் ஓட்டத்தில் முதல் 30 இடங்களுக்குள் வந்தவர்கள்தான் இரண்டாவதில் இறங்கலாம். அதற்குள் கம்பங்களைப் பிடுங்கி வேறு விதமாக நட்டுவிடுவார்கள். புதிய பாதையில் ஒருமுறை சறுக்கிப் பார்க்க அனுமதி கிடையாது. ஓரமாக மெல்ல இறங்கி, கண்ணால் பார்த்து மனதில் பதித்துக்கொள்வது மட்டும்தான். வரிசையும் தலைகீழ்: 30ஆவது இடத்தில் இருப்பவர் முதலில், முதலிடத்தில் இருப்பவர் கடைசியில். ஆகவே முன்னே போன 29 பேரின் பலகைகள் கிழித்த பள்ளங்களில்தான் முதலிடத்துக்காரி இறங்க வேண்டும். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

இனி சீசனுக்கு வருவோம். நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும் ஸ்லாலம் உலகக் கிண்ணத் தொடரில் ஒவ்வொரு போட்டிக்கும் புள்ளிகள் உண்டு. முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 80, மூன்றாமிடத்துக்கு 60. அப்படியே குறைந்து 30ஆம் இடத்துக்கு 1. ஓட்டத்தை முடிக்காதவருக்கும் போட்டிக்கு வராதவருக்கும் பூச்சியம். சீசன் முடிவில் அதிகப் புள்ளி பெற்றவருக்குப் பளிங்கு உருண்டை வடிவிலான கிண்ணம்.

2024-25 சீசனைப் பாருங்கள். நவம்பரில் பின்லாந்தின் லெவியிலும் ஆஸ்திரியாவின் குர்க்லிலும் அமெரிக்காவின் மிகேலா ஷிஃப்ரின் அடுத்தடுத்து வென்றார். உலகக் கிண்ணத்தில் அவருடைய மொத்த வெற்றிகள் அப்போது 99. நவம்பர் 30ஆம் திகதி, சொந்த நாட்டின் கில்லிங்டனில், இன்னொரு வகைப் போட்டியான ஜயன்ட் ஸ்லாலத்தில், முதலிடத்தில் இருந்தபோது விழுந்தார். வயிற்றுப் பக்கத்தில் துளைக்காயம், பிறகு சத்திரசிகிச்சை. இரண்டு மாதங்கள் போட்டியே இல்லை. நான்கு ஸ்லாலம் போட்டிகள், நான்கு பூச்சியங்கள்.

ஜனவரி 30ஆம் திகதி பிரான்ஸின் கூர்ஷவெலில் திரும்பி வந்து 10ஆம் இடம். பெப்ரவரி 23ஆம் திகதி இத்தாலியின் செஸ்ட்ரியேரில் 100ஆவது வெற்றி. அதற்கு முன் ஆணோ பெண்ணோ யாரும் தொடாத எண்ணிக்கை அது. மார்ச்சில் அமெரிக்காவின் சன் வேலியில் நடந்த கடைசி ஸ்லாலத்தையும் அவரே வென்றார். அந்த சீசனில் அவருக்கு நான்கு ஸ்லாலம் வெற்றிகள். அப்படியிருந்தும் கிண்ணம் போனது குரோஷியாவின் 21 வயது ஸ்ரிங்கா லியூட்டிச்சிடம். பெப்ரவரியில் ஆஸ்திரியாவின் சால்பாக்கில் ஒரே நாளில் நடந்த உலக சாம்பியன்ஷிப் ஸ்லாலம் தங்கமோ சுவிட்சர்லாந்தின் கமில் ராஸ்டுக்கு.

அதிகம் வென்றவருக்குக் கிண்ணம் கிடைக்காதது அநியாயமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாளின் வேகத்தைச் சொல்லப் பதக்கம் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் விழாமல், தவறாமல் இறங்கியவர் யார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கிண்ணம்.

நமக்குப் பக்கத்து நாட்டுப் பெண்களும் இந்தச் சரிவில் இறங்கியிருக்கிறார்கள். 1988 கல்கரி ஒலிம்பிக் ஸ்லாலத்தில் பல பேர் பாதியில் வெளியேறினார்கள். இந்தியாவின் ஷைலஜா குமார் இரண்டு ஓட்டங்களையும் முடித்து 28ஆவதாக வந்தார். குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் அவர். 2018 ஜனவரியில் மணாலிப் பக்கத்து ஆஞ்சல் தாக்கூர், துருக்கியின் எர்சுரூமில் ஸ்லாலத்தில் வெண்கலம் வென்றார். பனிச்சறுக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் சர்வதேசப் பதக்கம் அது. உலகக் கிண்ணத் தரத்துக்கு மிகக் கீழே உள்ள போட்டிதான். ஆனாலும் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு அருகிலேயே கிடைக்கும் பயிற்சிச் சரிவுகள் இல்லாமல் வென்ற பதக்கம் அது. அதைச் சின்னதாக எண்ண வேண்டாம்.

அடுத்த நவம்பரில் ஸ்லாலம் பார்க்க உட்கார்ந்தால், வென்றவரை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள். எட்டாவது, பத்தாவது வந்தவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள். மார்ச்சில் கிண்ணம் யாருக்கு என்று கணக்குப் பார்க்கும்போது அந்த 32 புள்ளியும் 26 புள்ளியும் உங்களுக்குத் தேவைப்படும்.