ஊர் நூலகத்துக்கு உதவும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

புலம்பெயர் நாடுகளிலிருந்து ஊர் நூலகங்களுக்கு வரும் உதவிகள் பற்றி விசாரிக்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் என் காதில் விழுகின்றன. கொடுத்த காசுக்கு என்ன நடந்தது என்று உதவியவர்கள் கேட்கிறார்கள். நாங்கள் கேட்காத புத்தகங்களை ஏன் அனுப்புகிறார்கள் என்று நூலகர்கள் கேட்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். யாருக்கு என்ன பொறுப்பு என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. 1986 ஏப்ரல் 29 அன்று லொஸ் ஏஞ்சல்ஸ் மத்திய நூலகம் தீப்பற்றி எரிந்து, ஏறத்தாழ 4 இலட்சம் நூல்கள் அழிந்தன. எரிந்த நூலகம் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த நகரத்தில் நூல்களை மீட்பதற்காக 1 கோடி டொலர் திரட்டப்பட்டது. 1992இல், தொடர்ந்து நிதி திரட்டுவதற்கென ஓர் அறக்கட்டளை உருவானது. 1993இல் நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது.

இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் அங்கே பல நூலகங்களுக்கு இருக்கின்றன. நூலகம் வரிப்பணத்தில் இயங்கும் அரச நிறுவனம். அறக்கட்டளையோ தனக்கெனப் பணிப்பாளர் சபையும் வங்கிக் கணக்கும் கொண்ட தனி அமைப்பு. ஒரே நூலகத்துக்காக இரண்டு நிர்வாகங்கள் இயங்கும்போது இழுபறி வரும். அதைத் தவிர்க்கத்தான் புரிந்துணர்வு உடன்படிக்கை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவான யுனைடெட் ஃபோர் லைப்ரரீஸ் இதற்கு மாதிரிகளையே வழங்குகிறது.

இத்தகைய உடன்படிக்கைகளில் வழமையாக இடம்பெறும் விடயங்கள் இவை:

தேவை எது என்பதை நூலகமே தீர்மானிக்கும். அறக்கட்டளை அதற்கு நிதி திரட்டும். எந்த நூலை வாங்குவது, எதை நீக்குவது என்பதில் நன்கொடையாளர் தலையிட முடியாது.

குறித்த ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட்ட பணம் அந்த நோக்கத்துக்கே செலவாகும். ஆண்டுதோறும் கணக்காய்வு செய்து அறிக்கை தரப்படும்.

நன்கொடை வருகிறது என்று காட்டி அரசு தன் ஒதுக்கீட்டைக் குறைக்கக் கூடாது. என் பார்வையில் மிக முக்கியமான வரி இதுதான். இது இல்லாவிட்டால் மக்கள் கொடுக்கும் காசு நூலகத்தை வளர்க்காது, சபையின் செலவைத்தான் மிச்சப்படுத்தும்.

கட்டடத்துக்கோ அறைக்கோ யாருடைய பெயரை வைக்கலாம், அதை யார் அனுமதிப்பது என்பதும் எழுதப்படும். அறக்கட்டளை கலைந்தால் மிச்சப் பணம் எங்கே போகும் என்பதும் எழுதப்படும்.

இலங்கையில் பொது நூலகங்கள் மாநகர, நகர, பிரதேச சபைகளின் கீழ் வருகின்றன. யாழ்ப்பாணப் பொது நூலகமும் மக்களின் முயற்சியில் பிறந்ததுதான். 1934இல் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு தொடங்கி, 1935இல் பட்டினசபையிடம் கையளிக்கப்பட்டது. மக்கள் தொடங்குவார்கள், சபை பொறுப்பேற்கும் என்ற இந்த மரபு எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கையளித்த பின் உதவியவர்களின் இடம் என்ன என்பது பல ஊர்களில் வாய்ப்பேச்சாகவே இருக்கிறது.

வாய்ப்பேச்சு எவ்வளவு பலவீனமானது என்பதை அண்மையில் கண்டோம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே தேர்தல் வரை பெரும்பாலான சபைகளைச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நடத்தினார்கள். பழைய தவிசாளர் கொடுத்த வாக்குறுதி கோப்பில் இல்லையென்றால், அடுத்து வருபவரை எதுவும் கட்டுப்படுத்தாது.

ஆகவே பழைய மாணவர் சங்கமோ வாசகர் வட்டமோ ஊர் ஒன்றியமோ காசு அனுப்பும் முன் இரண்டு பக்கத்தில் ஓர் உடன்படிக்கை எழுதலாம். நூலகரையும் மேசையில் இருத்துங்கள். சபையில் தீர்மானம் நிறைவேற்றி, தவிசாளரும் செயலாளரும் ஒப்பமிடட்டும். ஒரு பிரதியை நூலகத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

எழுதிக் கேட்டால் நம்பிக்கையில்லை என்று நினைப்பார்களே எனச் சிலர் தயங்குகிறார்கள். குளிரில் இரட்டை வேலை செய்து ஒருவர் அனுப்பும் காசு இது. அதற்குக் கணக்கு இருப்பது அவருக்கும் மரியாதை, நூலகருக்கும் பாதுகாப்பு.