மின்னி மறைபவை – 11: கிளார்க் போன நாள்

காமா கதிர் வெடிப்பு என்றால் என்ன, 1967இல் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்களிடம் அது எப்படி அகப்பட்டது என்பதெல்லாம் முன்பே எழுதியாயிற்று. மறுபடி சொல்லப் பக்கம் இல்லை. இந்த வாரம் லடாக்கின் ஹான்லே வானாய்வகத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். குறுக்கே ஒரு திகதி வந்து நின்றுகொண்டது.

2008 மார்ச் 19. அன்று பின்னிரவு ஒன்றரை மணிக்குக் கொழும்பில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் காலமானார். வயது 90. அதே நாள் முற்பகல், நம் நேரப்படி 11.42க்கு, ஸ்விஃப்ட் செயற்கைக்கோளில் ஒரு காமா கதிர் வெடிப்பு பதிவானது. அதன் ஒளி வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடிய அளவுக்கு ஏறியது, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக. பிரகாச எண் 5.3. வெறுங்கண்ணால் எளிதில் காணக்கூடியவற்றில் ஆகத் தொலைவானது அன்ட்ரொமீடா விண்மீன் திரள். அதன் ஒளி நம்மிடம் வர 25 லட்சம் ஆண்டு. இந்த ஒளி வந்ததோ 750 கோடி ஆண்டு! சூரியனுக்கே வயது 460 கோடிதான்.

பிடித்த விதம் இன்னும் ருசியானது. 1997இல் முதன்முதலாக ஒரு வெடிப்பின் கண்ணுக்குப் புலப்படும் ஒளியைப் படமெடுத்தபோது சுமார் 21 மணி நேரம் கடந்திருந்தது. 1999இல் ரோட்சே கெமராக்கள் அதை 22 விநாடியாகக் குறைத்தன. வெடித்த இடத்தின் முகவரி கிடைத்துக் கெமரா திரும்புவதற்குள் ஒளி மங்கிவிடும், அதுதான் தொல்லை. அன்றைக்கு அந்தத் தொல்லையே இல்லை. அதற்கு அரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக முந்தி, வானில் பத்துப் பாகை தள்ளி, வேறொரு வெடிப்பு நிகழ்ந்திருந்தது. அதைப் பார்க்கத் திரும்பிய கெமராக்கள் சிலியில் அந்தத் திசையிலேயே விழித்திருந்தன. போலந்துக்காரரின் ‘பை ஆஃப் த ஸ்கை’ ஒன்று, லா சில்லாவின் ‘டோர்டோரா’ இன்னொன்று. வெடிப்பதற்கு முந்திய வானம் முதற்கொண்டு படத்தில் இருக்கிறது. திட்டமிட்டால் இப்படி அமையுமா?

கொட்டகலையில் அப்போது நல்ல பகல். கொழுந்து நிறுக்கக் கொண்டுபோகும் நேரம். வெடித்தது சுவாதி நட்சத்திரம் இருக்கும் மண்டலத்தில். அதுவோ அந்நேரம் நமக்கு அடிவானத்துக்குக் கீழே. ஆகவே நம் மூடுபனியைத் திட்ட வேண்டியதில்லை.

இதைக் ‘கிளார்க் நிகழ்வு’ என்று அழைக்கலாமே என்று ஒரு யோசனை எழுந்தது. ஒட்டவில்லை. வானியலாளருக்கு ‘ஜிஆர்பி 080319பி’ போதும். என்னைக் கேட்டால், 1956இலிருந்து இந்தத் தீவிலேயே வாழ்ந்து, விண்வெளியையே எழுதிய மனிதருக்கு அந்த மரியாதையைச் செய்திருக்கலாம். ‘பி’ என்பது அன்றைய இரண்டாவது. ஸ்விஃப்ட் அன்று ஒரே நாளில் நான்கு வெடிப்புகளைக் கண்டது. மற்ற மூன்றையும் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

பக்கம் முடிந்தது. 4,500 மீட்டர் உயரத்து ஹான்லேயும், 1999 வெடிப்பின் மிச்ச ஒளியை நைனிதாலிலிருந்து 104 செ.மீ. தொலைநோக்கியால் துரத்தியவர்களும் அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம்.