ஏரி மேல் படர்ந்த புகை! எரிந்த மாளிகை, பிறந்த பாட்டு

1971-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ந் தேதி. சனிக்கிழமை.

சுவிட்சர்லாந்து நாட்டில், ஜெனீவா ஏரிக்கரையில் மோன்த்ரோ என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் நீல நிற ஏரி. மறுபக்கம் பனி மூடிய ஆல்ப்ஸ் மலை. உல்லாசப் பயணிகள் வந்து தங்கும் அழகான ஊர்.

அந்த ஊரில் காசினோ என்ற மாளிகை. சூதாட்டமும் ஆடல் பாடலும் நடக்கும் இடம். 1881-ம் ஆண்டில் ஏற்பட்டது. அதில் பெரிய கச்சேரி மண்டபமும் உண்டு.

அன்று பிற்பகல் அந்த மண்டபத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம் பெண்களும் நெருக்கி அடித்துக்கொண்டு இருந்தார்கள். மேடையில் இருந்தவர் பிராங்க் ஸப்பா. அமெரிக்க நாட்டின் பிரபல கிதார் வித்வான். அவருடைய "ராக்" கோஷ்டியின் கச்சேரிதான் அன்று.

"ராக்" என்றால் என்ன? மின்சார கிதார், முரசு, ஆர்கன் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் வைத்து அதிர அடிக்கும் மேல்நாட்டு இசை. பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள்!

கச்சேரி தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நல்ல களை கட்டிவிட்டது. அப்போதுதான் அந்த விபரீதம் நடந்தது.

கூரையைப் பார்த்துச் சுட்டான்

கூட்டத்தில் ஒருவன் கையில் ஒரு துப்பாக்கி இருந்தது. ஆளைக் கொல்லும் துப்பாக்கி அல்ல. கடலில் கப்பல் ஆபத்தில் சிக்கினால், வானத்தில் வெளிச்சம் காட்டுவதற்காக நெருப்பை ஏவும் துப்பாக்கி. அதை எடுத்து அவன் கூரையை நோக்கிச் சுட்டுவிட்டான்!

வேடிக்கைக்காகச் செய்தானோ, வெறியில் செய்தானோ! ஆயிரக்கணக்கான பேர் அடைந்து கிடக்கும் இடத்தில் செய்கிற வேலையா இது?

மண்டபத்தின் உள்கூரை பிரம்பால் வேயப்பட்டது. காய்ந்த பிரம்பு. நெருப்புப் பட்டால் கேட்க வேண்டுமா? முதலில் சிறு பொறிகள் விழுந்தன. பிறகு புகை. பிறகு தீ மேலே ஓடத் தொடங்கியது.

ஸப்பா பாட்டை நிறுத்தினார். அவர் கூச்சல் போடவில்லை. ஒலிபெருக்கி முன்னால் நின்று, எல்லோரும் அமைதியாக வெளியே போகும்படி சொன்னார். அவர் அலறியிருந்தால் கூட்டமும் அலறியிருக்கும். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, தீயில் சாகாதவர்கள் மிதிபட்டுச் செத்திருப்பார்கள்.

வாசல்கள் போதவில்லை. பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்களை உடைத்து, அதன் வழியாகவும் ஆட்கள் வெளியே குதித்தார்கள்.

சமையல்கட்டில் ஒளிந்த பிள்ளைகள்

கச்சேரியை ஏற்பாடு செய்தவர் குளோட் நோப்ஸ் என்பவர். மோன்த்ரோ ஊர்க்காரர். சமையல் வேலை படித்தவர். பிறகு அந்த ஊர் சுற்றுலா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1967-ம் ஆண்டில் நண்பர்களுடன் சேர்ந்து "மோன்த்ரோ ஜாஸ் விழா" என்ற இசை விழாவைத் தொடங்கினார். உலகப் புகழ் பெற்ற வித்வான்கள் பலரையும் அந்தச் சின்ன ஊருக்கு வரவழைத்தவர் அவர்தான்.

எரிகிற மாளிகைக்குள் அவர் ஓடினார். புகைக்குப் பயந்த சில பிள்ளைகள், வெளியே போகும் வழி என்று எண்ணிக் கீழே இருந்த சமையல்கட்டுப் பக்கம் போய் ஒளிந்திருந்தார்கள். அங்கேயே இருந்திருந்தால் அது அவர்களுக்குச் சமாதி ஆகியிருக்கும். நோப்ஸ் அவர்களைத் தேடிப் பிடித்து வெளியே கொண்டுவந்து சேர்த்தார்.

மாளிகை முழுவதும் எரிந்து நாசமாயிற்று. எத்தனை பேர் மாண்டார்கள் தெரியுமா? ஒருவர் கூட இல்லை! சிலருக்குக் காயம். அவ்வளவுதான்.

ஸப்பா கோஷ்டியின் இசைக்கருவிகள் அத்தனையும் சாம்பலாகிவிட்டன. தாளம் போடும் ஒரு மணி மட்டும்தான் மிச்சம் கிடைத்தது என்று ஸப்பா பிற்பாடு எழுதினார். அவருக்குக் கெட்ட காலம் அதோடு விடவில்லை. ஆறே நாளில், டிசம்பர் 10-ந் தேதி, லண்டனில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது ஒருவன் மேடை மேல் ஏறி அவரைக் கீழே தள்ளிவிட்டான். கால் ஒடிந்தது. பல மாதம் சக்கர நாற்காலியில் இருந்தார்.

வேடிக்கை பார்த்த ஐந்து பேர்

தீப்பிடித்த அந்தக் கச்சேரியைக் கேட்க, இங்கிலாந்து நாட்டு இசைக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். "டீப் பர்ப்பிள்" என்ற ராக் கோஷ்டியைச் சேர்ந்தவர்கள்.

அந்தக் கோஷ்டியில் ஐந்து பேர். கிதார் வாசிப்பவர் ரிச்சி பிளாக்மோர். பாடகர் இயன் கில்லன். பேஸ் கிதார் ராஜர் குளோவர். ஆர்கன் ஜான் லார்டு. முரசு இயன் பேஸ். எல்லோரும் இளைஞர்கள். மூத்தவரான ஜான் லார்டுக்கே வயது முப்பதுதான்.

இவர்கள் எதற்காக மோன்த்ரோ வந்தார்கள்? புதிய இசைத்தட்டு ஒன்று தயாரிப்பதற்காக. அந்த ஆண்டு அவர்கள் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்ய ஏற்பாடாகி இருந்தது. பாடகர் கில்லனுக்குக் கல்லீரல் நோய் வந்ததால் அது ரத்தாகிவிட்டது. ஆகவே இந்த இசைத்தட்டை எப்படியும் நன்றாக முடித்தாக வேண்டும்.

நான்கு சுவருக்குள் அடைபட்ட ஸ்டூடியோவில் பாடினால் உயிர் இல்லை, மேடையில் பாடுவது போன்ற ஒலி வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். காசினோ குளிர்காலத்துக்காக மூடப்பட இருந்தது. ஸப்பாவின் கச்சேரிதான் அதற்கு முன் கடைசி. அது முடிந்ததும் மண்டபம் இவர்கள் கைக்கு வரும்.

பாட்டுப் பதிவு செய்யும் கருவிகள் எல்லாம் வைத்துக் கட்டிய ஒரு லாரியை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அது "ரோலிங் ஸ்டோன்ஸ்" என்ற இன்னொரு பிரபல கோஷ்டிக்குச் சொந்தமான லாரி.

லாரி தப்பியது. மண்டபம்தான் போய்விட்டது!

ஐந்து பேரும் ஓட்டலில் இருந்து பார்த்தார்கள். மாளிகை கொழுந்து விட்டு எரிந்தது. மலையில் இருந்து வீசிய காற்று புகையை ஏரிப் பக்கம் தள்ளியது. கரும்புகை தண்ணீர் மேல் விரிப்புப் போலப் படர்ந்து நின்றது. அந்தக் காட்சி அவர்கள் மனதை விட்டு அகலவில்லை.

தூக்கத்தில் வந்த தலைப்பு

சில நாள் கழிந்தது. ஒரு நாள் காலையில் ராஜர் குளோவர் ஓட்டல் அறையில் தூங்கி எழுந்தார். எழும்போதே அவர் வாயில் சில சொற்கள் வந்தன. "ஸ்மோக் ஆன் த வாட்டர்." தண்ணீர் மேல் புகை!

அறையில் வேறு யாரும் இல்லை. சத்தமாகச் சொன்னோமா, கனவில் சொன்னோமா என்று அவருக்கே சந்தேகம்.

கில்லனிடம் போய்ச் சொன்னார். கில்லனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. புகை என்றால், போதைப் பொருள் பற்றிய பாட்டு என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள் என்பது அவர் அபிப்பிராயம். தலைப்பு அப்படியே கிடப்பில் கிடந்தது.

கதவைத் தட்டிய போலீஸ்

இதற்குள் நோப்ஸ், தமக்கு வந்த கஷ்டத்தையும் பாராமல், இந்த ஐந்து பேருக்கும் வேறு இடம் தேடினார். ஊருக்குள்ளே "பெவிலியன்" என்ற நாடக மண்டபம் கிடைத்தது. கருவிகளை இறக்கினார்கள். இரவு நேரத்தில் வாசிக்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கோஷ்டி, உலகத்திலேயே அதிக சத்தம் போடும் கோஷ்டி என்று பின்னால் கின்னஸ் புத்தகத்தில் பெயர் வாங்கியது! ஊர் தூங்குமா? அக்கம்பக்கத்தார் போலீசில் புகார் செய்தார்கள். போலீசார் வந்து கதவைத் தட்டினார்கள்.

உள்ளே, பிளாக்மோர் கண்டுபிடித்த ஒரு புதிய மெட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக அமைந்துவிட்டது. இப்போது கதவைத் திறந்தால் போயிற்று! கோஷ்டியின் வேலையாட்கள் கதவைத் திறக்கவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே போலீஸ் இடிக்கிறது. உள்ளே வாத்தியம் முழங்குகிறது. பதிவு முடிந்த பிறகே கதவு திறந்தது.

அந்த மண்டபத்தில் அவர்கள் முழுசாகப் பதிவு செய்தது அந்த ஒரு மெட்டு மட்டுமே. வார்த்தை இல்லாத வெறும் மெட்டு. அதற்குப் பெயர் கூட இல்லை.

ஓட்டல் தாழ்வாரத்தில் ஸ்டூடியோ

மறுபடியும் இடம் தேடினார்கள். ஊர் ஓரத்தில் "கிராண்ட் ஓட்டல்" என்ற பழைய ஓட்டல் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. ஒரே குளிர்.

அதன் தாழ்வாரத்தையே ஸ்டூடியோ ஆக்கினார்கள்! எதிரொலி கேட்காமல் இருக்க மெத்தைகளைச் சுவர் ஓரம் சாய்த்து வைத்தார்கள். குளிருக்குச் சூடு காட்டும் எந்திரங்கள் வைத்தார்கள். லாரி வெளியே நின்றது. பதிவானதைக் கேட்க வேண்டுமானால் தாழ்வாரம், படுக்கை அறை, பால்கனி என்று சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். இரண்டு மூன்று தடவை போய் வந்தார்கள். அப்புறம், எப்படி இருந்தாலும் சரி என்று போவதையே விட்டுவிட்டார்கள்.

டிசம்பர் 21-ந் தேதிக்குள் வேலை முடிய வேண்டும். முடிகிற சமயத்தில் பதிவு நிபுணர் மார்ட்டின் பிர்ச் கணக்குப் பார்த்தார். இசைத்தட்டு நிரம்பவில்லை. இன்னும் சில நிமிஷ நேரத்துக்குப் பாட்டு வேண்டும்!

என்ன செய்வது? அப்போதுதான் போலீஸ் கதவை இடித்த இரவில் பதிவு செய்த மெட்டு ஞாபகம் வந்தது. மெட்டு தயார். வார்த்தைதான் இல்லை. எதைப் பற்றி எழுதலாம்? இந்த ஊருக்கு வந்தது முதல் பட்ட பாட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது!

குளோவரும் கில்லனும் உட்கார்ந்து எழுதினார்கள். ஊருக்கு வந்தது, ஸப்பா கச்சேரி, துப்பாக்கி, தீ, ஓடி ஓடிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய நோப்ஸ், குளிரில் கிடந்த ஓட்டல் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி எழுதினார்கள். கிடப்பில் கிடந்த தலைப்பை அதற்கு வைத்தார்கள். காதல் இல்லை, தத்துவம் இல்லை. பத்திரிகை நிருபர் எழுதும் செய்தி போன்ற பாட்டு! இந்த உண்மைதான் அதற்கு உயிர் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவர்களுக்கே தெரியவில்லை!

இந்தப் பாட்டு புகழ் பெறும் என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை. ஒரு நாள் நோப்ஸ் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, உங்களுக்காக ஒரு சின்னப் பாட்டு செய்திருக்கிறோம், ஆனால் இசைத்தட்டில் சேர்க்கப் போவதில்லை என்று சொன்னார்களாம். கேட்டுப் பார்த்த நோப்ஸ், உங்களுக்குப் பைத்தியமா, இது பிரமாதமாக ஓடப் போகிறது என்று சொன்னதாக அவரே பிற்காலத்தில் தெரிவித்தார்.

1972-ம் ஆண்டு மார்ச் மாதம் "மெஷின் ஹெட்" என்ற பெயரில் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் இந்தப் பாட்டும் இருந்தது. ஆனால் கோஷ்டியினர் நம்பியது வேறொரு பாட்டை. அதைத்தான் தனித் தட்டாக வெளியிட்டார்கள். அது அவ்வளவாக எடுபடவில்லை.

கச்சேரிகளில் ரசிகர்கள் ஆரவாரம் செய்தது புகைப் பாட்டுக்குத்தான். 1973-ம் ஆண்டில் அமெரிக்காவில் அதைத் தனித் தட்டாகப் போட்டார்கள். விற்பனையில் நாலாவது இடத்துக்கு வந்துவிட்டது!

அந்த மெட்டில் என்ன விசேஷம்? நாலே நாலு ஸ்வரம்தான்! பிளாக்மோர் ஒரே சமயத்தில் இரண்டு தந்திகளை விரலால் சுண்டி வாசித்தார். முதலில் கிதார் தனியாக வரும். பிறகு தாளம், ஆர்கன், பேஸ் கிதார் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். கிதார் கற்கத் தொடங்கும் பையன் ஒரு நாளில் பிடித்துக்கொள்ளலாம். அதனால் உலகம் முழுவதும் பிள்ளைகள் கிதார் எடுத்ததும் முதலில் வாசிப்பது இதைத்தான். 2007-ம் ஆண்டில் அமெரிக்காவில் கன்சாஸ் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இடத்தில் கூடி ஒரே நேரத்தில் இந்த மெட்டை வாசித்தார்கள்!

எரிந்த காசினோவுக்குப் பதிலாகப் புதிய மாளிகை கட்டி 1975-ம் ஆண்டில் திறந்தார்கள். ஆர்கன் வாசித்த ஜான் லார்டு 2012-ம் ஆண்டு ஜூலை மாதம் காலமானார். அதே ஆண்டு கிறிஸ்துமசுக்கு முதல் நாள் பனிச்சறுக்கு விளையாடப் போன நோப்ஸ் விழுந்து நினைவு இழந்தார். 2013-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி மரணம் அடைந்தார்.

மோன்த்ரோவில் ஏரிக்கரை ஓரமாக இந்தப் பாட்டுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். கோஷ்டியினரின் பெயரும், அந்த மெட்டின் ஸ்வரங்களும் அதில் பொறிக்கப்பட்டு இருக்கின்றன.