சிக்னல் இல்லாத நாளிலும் செல்போனில் வேளாண் குறிப்புகள்

கடலூர் மாவட்டத்தில் சம்பா நெல் தூர் கட்டி நிற்கும் காலமும் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதிகள் வடிகாலின் கடைசியில் இருப்பதால், மழை விட்ட பிறகும் வயலில் நீர் தேங்கி நிற்பது வழக்கம். பயிரைக் காப்பாற்ற என்ன செய்வது என்று உழவர் கேட்கும் நாட்களும் அவைதாம். அதே நாட்களில்தான் செல்போனில் சிக்னல் இருப்பதில்லை.

2011 டிசம்பர் 30 அன்று காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கங்களில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. 2015 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, கடலூர்ப் பகுதியை மூழ்கடித்தது. செல்போன் டவரும் மின்சாரத்தில் ஓடுவதுதான். மின்சாரம் நின்று, டவரின் பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும்.

இன்று பயிர்க் குறிப்புகளுக்குக் குறைவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் நெல், கரும்பு, முந்திரி, நிலக்கடலை, கால்நடை என ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பக்கங்கள் உள்ளன. ஆனால் அந்தப் பக்கம் நம் செல்போனுக்குள் இல்லை. எங்கோ ஒரு நகரத்துக் கணினியில் இருக்கிறது. நாம் திறக்கும்போதெல்லாம் டவர் வழியாக அதைக் கேட்டு வாங்கித்தான் செல்போன் காட்டுகிறது. நேற்றுப் படித்ததாயிற்றே, இன்றும் வரும் என்று நம்பியிருப்பது சரியல்ல.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பக்கத்தின் மேலே தெரியும் நட்சத்திரக் குறியைத் தொட்டுவிட்டு, பக்கம் சேமிக்கப்பட்டுவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். நட்சத்திரம் குறித்துக்கொள்வது அந்தப் பக்கத்தின் முகவரியை மட்டுமே. விதைப் பண்ணையின் விலாசத்தை எழுதி வைத்துக்கொண்டால் வீட்டில் விதை இருப்பதாக ஆகுமா? வாட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பும் அப்படித்தான். அதில் வரும் பி.டி.எஃப். கோப்பின்மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இன்னும் தெரிந்தால், அது உங்கள் செல்போனுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். ஒருமுறை தொட்டு இறக்கிக்கொள்ள வேண்டும்.

சேமிக்கும் முறை எளிதே. பெரும்பாலான ஆண்ட்ராய்டு செல்போன்களில் உள்ள குரோமில் தேவையான பக்கத்தைத் திறந்து, முழுவதும் வந்த பிறகு, மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட வேண்டும். திறக்கும் பட்டியலின் மேல் வரிசையில், நட்சத்திரத்துக்கு அருகில், கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டால் பக்கம் எழுத்தும் படமுமாகச் செல்போனிலேயே தங்கிவிடும். பிறகு அதே மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘டவுன்லோட்ஸ்’ என்ற இடத்தில் எடுத்துப் படிக்கலாம். பிறருக்கும் கொடுக்க விரும்பினால் ‘ஷேர்’, ‘பிரின்ட்’ என்று சென்று ‘சேவ் ஆஸ் பி.டி.எஃப்.’ என்பதைத் தேர்ந்தெடுப்பது நலம். அப்போது கோப்புக்கு ‘நெல் வெள்ளம் அக்டோபர்’ என்பது போல நாமே பெயர் வைக்கலாம்; தேடுவதும் எளிது. பெரும்பாலான பயிர்ப் பக்கங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவு இடத்தைக்கூடப் பிடிப்பதில்லை. இடத்தை அடைப்பவை வீடியோக்கள்தாம்.

ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சேமிக்கப்படுவது கண்முன் உள்ள அந்த ஒரு பக்கம் மட்டுமே. ‘பூச்சி மேலாண்மை’, ‘உர மேலாண்மை’ என்று அதில் தெரியும் தலைப்புகளைத் தொட்டால் வேறு பக்கம் திறக்குமானால், அவற்றையும் தனித்தனியே திறந்து சேமிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும், விமானப் படம் போட்ட பொத்தானை அழுத்தி இணைப்பைத் துண்டித்துவிட்டு, சேமித்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறப்பவை மட்டுமே உங்களுடையவை. புயல் நாட்களிலும் இந்தப் பொத்தான் உதவும். சிக்னலைத் தேடித் தேடியே செல்போன் சார்ஜ் தீர்ந்துபோகும். துண்டித்து வைத்துப் படித்தால் சார்ஜ் நெடுநேரம் நிற்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணலாம். ஓர் உதாரணம் பார்ப்போம். தூர் கட்டும் பருவத்தில் நீரில் மூழ்கிய நெல்லுக்கு, நீரை வடித்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும் என்பது கடந்த பருவமழைக் காலங்களில் வெளியிடப்பட்ட பரிந்துரை. நான்கு பொருள், நான்கு அளவு, ஓர் இரவு இடைவெளி. வரப்பில் நின்று கேட்ட இருவர் ஊருக்குள் வருவதற்குள் பதினெட்டும் இருபத்திரண்டும் இடம் மாறியிருக்கும்! எழுத்தில் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

இனி, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். சேமித்த பக்கம் அன்றைய நாளோடு நின்றுவிடும். இணையதளத்தில் பின்னர் திருத்தம் செய்தாலும் நம் செல்போனில் உள்ளது மாறாது. முந்திரியில் தேயிலைக் கொசுவுக்கு எண்டோசல்பான் தெளிக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்றும் ஆங்காங்கே கைமாறுகின்றன. அந்த மருந்தைத் தயாரிக்கவும் விற்கவும் பயன்படுத்தவும் 2011 மே 13 அன்றே உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்துவிட்டது. எனவே பூச்சிமருந்துப் பக்கங்களை ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிப் பட்டத்துக்கு முன்பாவது, பழையதை அழித்துவிட்டுப் புதிதாக இறக்க வேண்டும். சந்தை விலையையும் வானிலை அறிவிப்பையும் சேமிப்பதில் பயனில்லை. நேற்றைய மழை அறிவிப்பு இன்று ஏமாற்றவே செய்யும். அவற்றை ‘உழவன்’ செயலியிலோ வானொலியிலோ அன்றன்றைக்குத்தான் அறிய வேண்டும்.

இந்த வட்டாரத்துச் சிறு உழவருக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் போதும். நீரில் மூழ்கிய நெல்லுக்கான குறிப்பு, புகையான், இலைச் சுருட்டுப்புழு, பாக்டீரியா இலைக்கருகல், நெல் தரிசில் உளுந்து, சாய்ந்த முந்திரியையும் பலாவையும் நிமிர்த்தும் முறை, மழைக்காலக் கால்நடை நோய்கள் ஆகியவை முதலில் வர வேண்டும். சிட்டா நகல், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றின் படங்களும் உடன் இருந்தால் நல்லது.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளும் உண்டு. இதற்குக் கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி வட்டாரத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கடல் அலையின் உயரம் பற்றிய அமெரிக்கக் கடற்படையின் முன்னறிவிப்பை இணையத்திலிருந்து இறக்கி, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் படித்துக் காட்டினார்கள். ஒருவர் இறக்கினார், கணினியைத் தொட்டறியாத மீனவர்களுக்கும் அது பயன்பட்டது. அதுபோல ஊருக்கு ஒருவர் இருவர் புரட்டாசிக்குள் பக்கங்களைச் சேமித்து, பி.டி.எஃப். ஆக மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். புளூடூத் வழியாக அனுப்ப டவரும் வேண்டாம், இணையமும் வேண்டாம்; இரண்டு செல்போன்களும் ஒரே திண்ணையில் இருந்தால் போதும். வெள்ளக் குறிப்பை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கூட்டுறவுச் சங்கத்திலோ உரக்கடையிலோ மழை படாத சுவரில் ஒட்டிவிட்டால், சார்ஜ் தீர்ந்தவர்களும் வந்து பார்த்துக்கொள்வார்கள். எழுதிய தேதியைத் தாளின் மேலேயே குறிக்க மறக்க வேண்டாம்.