ஆர்.பி.ஐ.: கையெழுத்துப் போடுமுன் படிக்க வேண்டிய தாள்

ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், கற்றல் குறைபாடு என்று மருத்துவர் உறுதிப்படுத்திய பிள்ளை, மலேசிய அரசுப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்ததும் அந்தப் பிள்ளைக்கென்றே ஆசிரியர் ஒரு திட்டம் எழுதுவார். மலாயில் ரஞ்சாங்கான் பெண்டிடிக்கான் இண்டிவிடு, சுருக்கமாக ஆர்.பி.ஐ. பிள்ளை அடுத்துக் கற்க வேண்டியது என்ன, எப்படிக் கற்றுக்கொடுப்பது, தேறியதா என்று எப்போது பார்ப்பது, எல்லாம் அதில் இருக்கும். பெற்றோர் கையெழுத்துக்கும் ஓர் இடம் உண்டு. சிக்கலே அங்கேதான்: ஆசிரியர் எழுதி முடித்த தாள் வீட்டுக்கு வருகிறது, அம்மா கையெழுத்திட்டு அனுப்புகிறார்.

கூட்டத்துக்கு வராத பெற்றோரை அக்கறையற்றவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஜொகூரில் நிலைமை வேறு. விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் அப்பா, காலை பத்து மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? 2014 முதல் 2024 வரை இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு பள்ளி நாள். சிங்கப்பூரில் ஞாயிறு ஓய்வு என்பதால் அன்று பள்ளிக்கு வர முடிந்தது. 2025 ஜனவரி முதல் விடுமுறை சனி, ஞாயிறாகிவிட்டது. குடும்பத்துக்கு நல்லதுதான், ஆனால் அந்த ஒரு வாய்ப்பு போயிற்று. ஆகவே கூட்டத் தேதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. வரவே முடியாதென்றால் மாலையில் காணொளி அழைப்புக்குக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

கூட்டத்துக்கு என்ன கொண்டுபோவது? மருத்துவ அறிக்கை ஆசிரியரிடம் இருக்கும். அவரிடம் இல்லாதது வீட்டில் தெரிந்த விஷயம்: தண்ணீர் வேண்டுமென்றால் பிள்ளை எப்படிக் காட்டுகிறான், எந்தச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறான், எது கொடுத்தால் அடங்குகிறான். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதி, மலாய் தெரிந்த உறவினரிடம் மொழிபெயர்த்து வாங்கினாலும் போதும்.

மொழி இதில் பெரிய விஷயம். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை நிறங்களையெல்லாம் தமிழில் சொல்வான். தேசியப் பள்ளி ஆசிரியர் மலாயில் கேட்டால் பேசாமல் நிற்பான். அதைப் பார்த்து 'நிறம் தெரியாது' என்று பதிவானால், தெரிந்ததையே மறுபடி கற்பிக்கும் திட்டம்தான் வரும். இதைத் திருத்தப் பெற்றோரால்தான் முடியும்.

இலக்குகளையும் பார்க்க வேண்டும். 'தன்னைப் பராமரித்துக்கொள்வதில் முன்னேற்றம்' என்றிருந்தால் முன்னேறினானா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. 'இடைவேளையில் சைகை காட்டிவிட்டுத் தானே கழிப்பறைக்குப் போவான்' என்றிருந்தால் வீட்டிலும் அதையே பழக்கலாம்.

சேர்க்கை பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றுத் திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை சமூக நலத்துறை தருவது; அது இருந்தால் மட்டும் பள்ளியில் இடம் கிடைத்துவிடாது. பள்ளி இடத்துக்குக் கல்வி இலாகாவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி புதிதாகச் சேரும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் உண்டு. வீட்டிலிருந்து வரும் தகவல் அதிகம் பயன்படுவது அப்போதுதான். மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு, வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டமே இத்தகைய திட்டக் கூட்டத்தில் பெற்றோருக்கு இடம் கொடுத்தது. முடிவு பிடிக்காவிட்டால் முறையிடும் வழியும் வைத்தது. நம்முடைய 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம், குறைபாட்டைக் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் இல்லை. அதனால்தான் காகிதம் முக்கியம். கையெழுத்திட்ட ஆர்.பி.ஐ.யின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பேசி முடிவானதை அன்றே புலனத்தில் ஆசிரியருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். பள்ளியில் தீராததை மாவட்டக் கல்வி இலாகாவுக்கும், பிறகு மாநில இலாகாவுக்கும் கொண்டுபோகும்போது முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்களும் தேதிகளும்தான்.