கதையில் எங்கே இடிக்கிறது?

இரணியன் கதை உங்களுக்குத் தெரிந்ததே. மனிதனாலோ விலங்காலோ சாகக் கூடாது; பகலிலோ இரவிலோ சாகக் கூடாது; வீட்டின் உள்ளேயோ வெளியேயோ சாகக் கூடாது; மண்ணிலோ விண்ணிலோ சாகக் கூடாது; ஆயுதத்தாலும் சாகக் கூடாது. இப்படி வரம் வாங்கியவன் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டதாக எண்ணினான். முடிவில் என்ன நடந்தது? பாதி மனிதன், பாதி சிங்கமாக நரசிம்மம் வந்தது. நேரம் அந்திப்பொழுது. இடம் வாசற்படி. கிடத்தியது மடியில். கொன்றது நகத்தால். வரத்தில் இருந்த ஒரு சொல்கூட மீறப்படவில்லை!

தூணைப் பிளந்துகொண்டு சிங்கமுகம் வருமா என்று கதை கேட்கும் குழந்தை கேட்பதில்லை. ஆனால் 'நண்பகலில் கொன்றார்' என்று சொல்லிப் பாருங்கள். 'எங்கேயோ இடிக்கிறதே, பகலில் சாகக் கூடாது அல்லவா?' என்று உடனே மடக்கிவிடும். இவ்வாறு இடிக்கும் இடத்தைத்தான் கதையின் ஓட்டை என்கிறோம்.

அதிசயம் வேறு, முரண்பாடு வேறு

மாணவ நண்பர்களே! வீடியோ விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. ஆடுபவர் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்று, மாய உலகில் உலவி, ஒரு நீண்ட கதையைத் தாமே நடத்திச் செல்வார். இவற்றை ஆடுவோர், 'இந்தக் கதையில் லாஜிக் இல்லை' என்று மணிக்கணக்கில் வாதிடுவது உண்டு. வெட்டிப் பேச்சு என்று பெரியவர்கள் அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த வாதத்துக்குள் நல்ல அறிவியல் ஒளிந்திருக்கிறது.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்வோம். 'இது நம் உலகில் நடக்குமா?' என்பது ஒன்று. 'இது அந்தக் கதையின் விதிப்படி நடக்குமா?' என்பது மற்றொன்று. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல் வெளியிட்ட நூலில், வாசகர் தம் ஐயத்தைத் தாமே விரும்பித் தள்ளிவைக்கிறார் என்ற கருத்தைக் கூறினார். மாயக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற டோல்கீன் 1939இல் ஆற்றிய சொற்பொழிவில் ஒரு படி மேலே சென்றார். எழுத்தாளர் ஓர் உலகைப் படைக்கிறார். அதன் விதிகளுக்குப் பொருந்தும்வரை நாம் அதை நம்புகிறோம். விதி முறிந்தால் மாயமும் கலைந்துவிடும் என்பது அவர் கருத்து.

கணிதத்திலும் இதே நிலைதான். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்று படிக்கிறோம். 1829இல் ரஷ்யக் கணித மேதை லோபசெவ்ஸ்கி, இணைகோடுகளைப் பற்றிய விதியை மட்டும் மாற்றி ஒரு புதிய வடிவியலை வெளியிட்டார். அதில் அந்தக் கூட்டுத்தொகை 180 பாகைக்கும் குறைவு! வியப்பாக இருக்கிறது. எனினும் அதில் முரண்பாடு இல்லை.

இறகு ஏன் உதவவில்லை?

இப்போது ஒரு புகழ்பெற்ற வாதத்தைப் பார்ப்போம். 1997இல் ஜப்பானில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7' என்னும் விளையாட்டில், கதாநாயகனின் தோழி ஏரித் என்பவள் பகைவனின் வாளுக்குப் பலியாகிறாள். அதே விளையாட்டில் 'ஃபீனிக்ஸ் டவுன்' என்றொரு மாய இறகு உண்டு. சண்டையில் தோழர் வீழ்ந்தால் அதைப் பயன்படுத்தி எழுப்பிவிடலாம். அப்படியானால் ஏரித்தை ஏன் எழுப்பவில்லை?

ஒரு சாரார் இது ஓட்டை என்கின்றனர். மறு சாரார், சண்டையில் வீழ்வது வெறும் மயக்கமே, ஏரித்துக்கு நேர்ந்தது மரணம், ஆகவே இறகு பயன்படாது என்கின்றனர். யார் சொல்வது சரி? இதே வரிசையில் 1992இல் வந்த ஐந்தாம் விளையாட்டு ஒரு வழி காட்டியிருந்தது. அதில் கலஃப் என்னும் முதியவர் சாகும்போது தோழர்கள் மந்திரங்களையும் அந்த இறகையும் ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். ஒன்றும் பலிப்பதில்லை. 'இதற்கும் ஓர் எல்லை உண்டு' என்று கதையே காட்டிவிட்டதால் கேள்விக்கு இடமில்லை. ஏழாவதில் அந்த ஒரு காட்சி இல்லாததால்தான் இன்றும் வாதம் ஓயவில்லை.

காலத்திலும் ஓட்டை விழும். 'உலகம் அழியப் போகிறது, விரைந்து வா' என்பார்கள். ஆனால் வீரன் விடுதியில் நூறு இரவுகள் தூங்கினாலும் உலகம் அழியாமல் காத்திருக்கும்! 2000இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' என்னும் விளையாட்டு இதைத் தீர்த்த விதம் அழகானது. அதில் மூன்று நாட்களில் நிலவு தரையில் மோதும். கடிகாரம் உண்மையாகவே ஓடும். அந்த 72 மணி நேரம் நம் கணக்கில் சுமார் 54 நிமிடங்கள். காலத்தைப் பின்னோக்கித் திருப்ப ஒரு பாடலும் உண்டு. விதியும் இருக்கிறது, விலக்கும் இருக்கிறது, ஓட்டை இல்லை.

பாட்டியும் கணிப்பொறியும்

பாட்டி சொல்லும் கதையில் ஓட்டை விழுந்தால் பேரன் கேட்பான்; பாட்டி அங்கேயே ஒட்டுப்போட்டுவிடுவார். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டிலும், விளையாட்டை நடத்தும் ஒருவர் அவ்வாறே சமாளிப்பார். வழக்கமான கணிப்பொறி விளையாட்டிலோ, ஒவ்வொரு விடையும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆடுபவரிடம் ஆம், இல்லை என்று விடை சொல்லும்படி ஒரு கேள்வி கேட்டால் கதை 2 கிளைகளாகும். 10 கேள்விகளுக்கு 1,024 கிளைகள். 20 கேள்விகளுக்கு 10,48,576! ஒவ்வொன்றையும் சரிபார்க்க ஒரு நிமிடம் என்று வைத்தாலும், இரவு பகல் ஓயாமல் உழைத்தால் 728 நாட்கள் ஆகும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். இந்தியாவின் 'பைரோடாக்டில்' குழுவினர் 2014இல் வெளியிட்ட 'அன்ரெஸ்ட்' இத்தகைய விளையாட்டே. பஞ்சத்தில் வாடும் பீம்ரா என்ற கற்பனை நகரில் பலருடைய வேடங்களை மாறி மாறி ஏற்கிறோம். ஒருவராக இருந்து எடுத்த முடிவை அடுத்தவர் கதை மறந்துவிடக் கூடாது அல்லவா?

எண்ணூர் நாகம்

நாமே ஒரு சிறு கதை அமைத்துப் பார்ப்போம். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் ஒரு மாய நாகம் வாழ்கிறது எனக் கொள்வோம். விதி 1: கரையில் விளக்கு எரிந்தால் அன்றிரவு நாகம் வெளியே வராது. விதி 2: அன்றிரவு படகோட்டி நாகத்தால் மட்டுமே சாக முடியும்.

விளக்கு எரிந்ததா, நாகம் வந்ததா, விடியும்போது படகோட்டி உயிரோடு இருக்கிறாரா என்பவை மூன்று கேள்விகள். மொத்தம் 8 நிலைகள். விளக்கும் எரிந்து நாகமும் வந்த 2 நிலைகளை விதி 1 நீக்கிவிடும். நாகம் வராமலே படகோட்டி இறந்த 2 நிலைகளை விதி 2 நீக்கிவிடும். எஞ்சுபவை 4. கதாசிரியர் இந்த நான்குக்குள் எதையும் எழுதலாம். வெளியே ஓர் அடி வைத்தால் வாசகர் பிடித்துக்கொள்வார்.

கதைக்கு வெளியே

1856இல் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் புறப்பட்டது. ரயில் நிலையங்களில் 'இன்டர்லாக்கிங்' என்றோர் ஏற்பாடு உண்டு. தண்டவாளத்தின் தடம் மாற்றும் 'பாயிண்ட்' எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அதற்குப் பொருந்தாத சிக்னல் விழாதபடி அது தடுக்கும். நாம் மேலே 4 நிலைகளை நீக்கினோமே, அதே வேலைதான்.

அந்தத் தடுப்பு குலைந்தால் என்ன ஆகும்? 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹநாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு நேர்வழியில் செல்ல சிக்னல் கிடைத்தது. பாயிண்ட்டோ பக்கத் தடத்துக்குத் திரும்பியிருந்தது. சிக்னல் மின்சுற்றில் வேலை செய்தபோது நேர்ந்த பிழைகளே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. பக்கத் தடத்தில் நின்றிருந்த சரக்கு வண்டியில் கோரமண்டல் மோதியது. மூன்று வண்டிகள் சிக்கிய அந்த விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு செய்திகளை ஓர் அமைப்பு ஒரே நேரத்தில் 'உண்மை' என்று சொன்னதன் விளைவு அது.

ஆகவே கதையில் இடிக்கும் இடத்தைக் கண்டால் வாதிடத் தயங்காதீர்கள். ஆனால் முறையாக வாதிடுங்கள். முதலில் கதையின் விதிகளை வரிசையாக எழுதுங்கள். அடுத்து, எந்த நிகழ்ச்சி எந்த விதியை முறிக்கிறது என்று சுட்டுங்கள். பிறகு, எதிர்த்தரப்பு சொல்லும் விலக்கு கதையிலேயே இருக்கிறதா, அவர் தாமாகக் கற்பித்ததா என்று பாருங்கள். எண்ணூர் நாகத்துக்கு மூன்றாவது விதி ஒன்றைச் சேர்த்து, எத்தனை நிலைகள் மிஞ்சுகின்றன என்று இன்றே கணக்கிட்டுப் பாருங்களேன்!