மேற்கையில் ஒரு வார்

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். மண்டியிட்டும், குப்புறப் படுத்தும், நின்றும் சுட வேண்டிய போட்டி அது. முதல் இரண்டு நிலைகளில் வீரரின் மேற்கையிலிருந்து துப்பாக்கியின் முன்கட்டைக்கு ஒரு வார் விறைப்பாக ஓடும். ‘ஸ்லிங்’ என்பார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிச் செல்வதற்கான வார் அல்ல இது. சுடும்போது அதைத் தாங்குவதற்கானது.

இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கியின் முனை 0.1 மில்லிமீட்டர் விலகினாலே, 50 மீட்டருக்கு அப்பால் குண்டு 5 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். துப்பாக்கியோ 8 கிலோ வரை இருக்கலாம். அந்தச் சுமையைத் தசை தாங்கினால் கை நடுங்கும். எலும்பு நடுங்காது.

ஓட்டுக் கூரையில் இரண்டு கைமரங்கள் அகன்றுவிடாமல் குறுக்குக் கட்டை ஒன்று இழுத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே முன்கையும் மேற்கையும்தான் கைமரங்கள். துப்பாக்கியின் எடை முழங்கை மடிப்பை விரிக்கப் பார்க்கும். வார் அதைத் தடுக்கும். தசைக்கு வேலை இல்லை.

வாரைப் பொருத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. குண்டில்லாத துப்பாக்கியோடு, பயிற்சியாளர் முன்னிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். முதலில் வளையத்தை மேற்கையில் மாட்டி, அது நழுவாமலிருக்க ஜாக்கெட் கையிலுள்ள கொக்கியில் நிறுத்துவார்கள். மேற்கையின் உட்புறம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே வார் அழுத்தினால் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் குறி துள்ளும். அதனால் இழுவிசை கையின் வெளிப்பக்கமாக விழும்படி வளையத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அடுத்தது ‘ஹேண்ட்ஸ்டாப்’. முன்கட்டையின் அடியில் முன்னும் பின்னும் நகரும் சிறு தடுப்பு இது. உள்ளங்கை எங்கே நிற்க வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. அதை இறுக்கிய பிறகே வாரின் நீளத்துக்கு வர வேண்டும். தளர்வாகத் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு துளை மட்டும் இறுக்குவது நல்லது. தாங்கும் கையின் விரல்களை விட்டுப் பார்த்தால், துப்பாக்கி கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் வார் நீளம். விரல்கள் மரத்துப்போனாலோ, பின்கட்டையைத் தோளில் வைக்கவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தாலோ வார் குட்டை.

கடைசிச் சோதனைக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். குறிபார்த்தபடி மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்தால் குறி விலகியிருக்கிறதா? கையால் தள்ளித் திருத்தினால் தசை மறுபடி வேலைக்கு வந்துவிடும். முழங்கையை ஊன்றியபடியே இடுப்பைச் சற்று நகர்த்தி, உடம்பையே இலக்கின் பக்கம் திருப்ப வேண்டும். படுப்பதற்கும் மண்டியிடுவதற்கும் அளவு வேறு என்பதால், இரண்டையும் குறித்து வைத்துக்கொள்வது வழக்கம்.

விதிகளுக்கும் குறைவில்லை. வாரின் அகலம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. படுத்த நிலையில் முன்கை தரையோடு 30 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும். நின்று சுடும்போது வாருக்கே அனுமதி இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பங்கேற்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் முழுக்க நின்றே சுடும் போட்டி என்பதால், அங்கே இதைக் காண முடியாது. மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றிலும் நின்று சுடுவதே கடைசிக் கட்டம். பதக்கம் யாருக்கு என்பது வாரைக் கழற்றிய பிறகுதான் முடிவாகும்.